வாய்ப் பூஞ்சைக்குத் தாவரச் சேர்மங்கள்: சோதனைத் தட்டில் கொல்வது வாயில் கொல்லுமா?

கிராம்பு எண்ணெய், பூண்டு, மஞ்சள், டீ ட்ரீ எண்ணெய் என்று எதைத் தேடினாலும் "கேண்டிடா பூஞ்சையைக் கொல்கிறது" என்று சொல்லும் ஆய்வு ஒன்று அகப்பட்டுவிடும். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சொல்வது உண்மைதான். ஆனால் அங்கே செத்தது பிளாஸ்டிக் தட்டின் சிறு குழிக்குள் 24 மணி நேரம் அதே மருந்தில் ஊறிக் கிடந்த பூஞ்சை. எச்சில் ஓயாமல் ஊறி, விழுங்கிக்கொண்டே இருக்கிற வாயில் மருந்து அப்படி நிற்பதில்லை. தட்டுக்கும் வாய்க்கும் இடையில் என்ன மாறுகிறது என்பது விளங்கிவிட்டால், எந்தத் தாவர மருந்தை நம்பலாம், எதைத் தள்ளிவைக்கலாம் என்று நீங்களே எடைபோட முடியும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில் பூஞ்சையைப் பார்த்துவிடுவோம்

வாயில் வரும் ஈஸ்ட் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் கேண்டிடா அல்பிகன்ஸ். இது வெளியிலிருந்து படையெடுத்து வருவதல்ல. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் ஏராளமானோரின் வாயில் இது சும்மா குடியிருக்கிறது. உமிழ்நீரும், கூடவே வாழும் பாக்டீரியாக்களும், உடலின் எதிர்ப்புச் சக்தியும் இதை அடக்கி வைத்திருக்கின்றன. அந்தக் காவலில் ஏதாவது ஒன்று தளர்ந்தால் பூஞ்சை பெருகும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டு பாக்டீரியா குறைவது, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் ஸ்டீராய்டு மருந்து வாயில் படிவது, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், வாய் வறட்சி, இரவும் கழற்றாத பல்செட், புற்றுநோய் சிகிச்சை, எச்.ஐ.வி. ஆகியவை வழக்கமான காரணங்கள்.

தொற்று எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரிவதில்லை. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்க்கட்டி ஒட்டியது போன்ற வெள்ளைப் படலம், வழித்தால் வந்துவிடும், அடியில் சிவந்த சதை தெரியும். இது ஒரு வகை. வெள்ளையே இல்லாமல் வெறும் சிவப்பும் எரிச்சலுமாக வருவது இன்னொன்று. பல்செட்டுக்கு அடியில் மேலண்ணம் அதே வடிவத்தில் சிவந்து போவதும், வாயோரம் வெடிப்பதும் உண்டு. வழித்தாலும் வராத வெள்ளைத் திட்டு இந்தப் பட்டியலில் சேராது. அதைக் கட்டாயம் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் சிலவகைத் திட்டுகள் புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கக்கூடும்.

கேண்டிடாவுக்கு இரண்டு உருவம் உண்டு. உருண்டையான ஈஸ்ட் செல்லாக இருக்கும்போது பெரும்பாலும் சாது. நீண்ட இழையாக மாறும்போது சதைக்குள் துளைத்துப் போகும், கேண்டிடாலைசின் என்ற நச்சுப் புரதத் துணுக்கைச் சுரந்து செல்லைக் கிழிக்கும். (அந்த நச்சு 2016-இல்தான் கண்டறியப்பட்டது.) 37 டிகிரி செல்சியஸில் ரத்த சீரத்தில் விட்டால் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே செல்லிலிருந்து ஒரு சிறு முளைக்குழாய் நீட்டுவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். இந்த இழை மாற்றத்தைத் தடுத்தாலே போதும், செல்லைக் கொல்லவே வேண்டாம் என்று யோசிக்கும் ஆராய்ச்சியும் நடக்கிறது. ஃபார்னெசால் என்ற சேர்மம் அதற்கு நல்ல உதாரணம். பல மலர்களின் நறுமண எண்ணெயில் இருக்கும் இதே பொருளைக் கேண்டிடாவும் தானே சுரக்கிறது. கூட்டம் அதிகமானால் இழையாக மாறாதே என்று தனக்குள் சொல்லிக்கொள்ளும் சமிக்ஞை அது.

பூஞ்சையைக் கொல்வது ஏன் கடினம்

பாக்டீரியாவின் செல் அமைப்பு நம்முடையதிலிருந்து வெகுதூரம் விலகியது. அதனால் அதை மட்டும் அடிக்கும் மருந்து கிடைப்பது ஒப்பளவில் எளிது. பூஞ்சையோ நமக்கு நெருங்கிய உறவு. உட்கருவும் உள்ளுறுப்புகளும் நம் செல்லைப் போலவே இருக்கும். வேறுபாடுகள் சிலதான். நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சையில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. நமக்கு இல்லாத செல் சுவர் அதற்கு இருக்கிறது.

இன்றைய மருந்துகள் அந்தச் சில வேறுபாடுகளைத்தான் குறி வைக்கின்றன. நிஸ்டாடின் எர்கோஸ்டெராலைப் பிடித்துச் சவ்வைக் குலைக்கிறது. புளூகோனசோல், குளோட்ரிமசோல் போன்றவை எர்கோஸ்டெரால் உருவாவதையே நிறுத்துகின்றன. இதில் நிஸ்டாடின் வந்த கதை சுவையானது: எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 1950-இல் மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தது அது. அவர்கள் வேலை பார்த்த நியூயார்க் மாநிலத்தின் பெயரே மருந்துக்கும் வந்தது.

பிறகு தாவரங்களை ஏன் தேட வேண்டும்? கேண்டிடா மருந்துகளுக்குப் பழகிக்கொள்வதால். உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகள் அதன் சவ்வில் இருக்கின்றன. புளூகோனசோலைத் தொடர்ந்து பார்க்கும் செல்கள் அந்தப் பம்புகளைக் கூட்டிக்கொள்கின்றன. கேண்டிடா க்ருசெய் போன்ற இனங்களிடம் புளூகோனசோல் முதலிலிருந்தே எடுபடாது. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட முன்னுரிமைப் பூஞ்சைப் பட்டியலில் கேண்டிடா அல்பிகன்ஸ் மிக அவசரப் பிரிவில் இருக்கிறது. புதிய வழியில் தாக்கும் சேர்மங்கள் உண்மையாகவே தேவைப்படுகின்றன.

எந்தச் சேர்மம், எப்படித் தாக்குகிறது

செடியின் பெயரை வைத்துக்கொண்டு பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். அதற்குள் இருக்கும் சேர்மத்தின் பெயரைச் சொல்லிப் பழக வேண்டும். கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜெனால். ஓமத்திலும் தைம் செடியிலும் தைமால். ஒரிகானோவில் கார்வக்ரால். பட்டையில் சின்னமால்டிஹைடு. எலுமிச்சைப்புல்லில் சிட்ரால். டீ ட்ரீ எண்ணெயில் டெர்பினென்-4-ஆல். பூண்டில் அல்லிசின். மஞ்சளில் குர்குமின். மரமஞ்சளில் பெர்பெரின்.

யூஜெனால், தைமால், கார்வக்ரால் மூன்றும் ஃபீனால் குடும்பம். கொழுப்பில் கரையும் இவை பூஞ்சையின் சவ்வுக்குள் புகுந்து அதைத் தளர்த்துகின்றன. உள்ளிருக்கும் பொட்டாசியம் முதலியவை கசிந்து செல் ஓய்ந்துவிடும். டெர்பினென்-4-ஆலும் சவ்வைத்தான் குலைக்கிறது. இந்த முரட்டுத்தனத்தில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் ஒன்றாக இருக்கின்றன. ஒரே ஒரு நொதியைக் குறிவைக்காமல் சவ்வு முழுவதையும் தாக்குவதால் பூஞ்சை எளிதில் எதிர்ப்புப் பெறுவதில்லை. ஆனால் நம் ஈறுச் செல்லுக்கும் சவ்வு உண்டே! அதையும் இவை விட்டுவைப்பதில்லை.

அல்லிசினின் பாணி வேறு. அது புரதங்களில் உள்ள கந்தகக் கைகளோடு ஒட்டி நொதிகளைச் செயலிழக்க வைக்கிறது. முழுப் பூண்டுப் பல்லில் அல்லிசின் கிடையாது. நசுக்கும்போதுதான் அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்து அது உருவாகும். அதனால் முழுப்பல்லை வேகவைத்தால் நொதி கெட்டுவிடும், அல்லிசின் உருவாகாது. நசுக்கி வைத்தாலும் நாளாக ஆக அது சிதையும். "பூண்டுச் சாறு" என்று மட்டும் எழுதி, எப்போது நசுக்கியது, எவ்வளவு நேரம் வைத்தது என்று சொல்லாத எந்தக் குறிப்பும் பயனற்றது.

குர்குமின் தண்ணீரில் ஏறக்குறையக் கரையவே கரையாது. மஞ்சள் கலக்கிய நீரில் மிதப்பது பெரும்பாலும் கரையாத தூள்தான். ஆனால் நீல ஒளி பட்டால் அது தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கிப் பூஞ்சையைத் தாக்கும். பல் மருத்துவ ஆராய்ச்சியில் குர்குமினைத் தடவி நீல ஒளி காட்டும் முறை சோதிக்கப்படுவது இதனால்தான்.

தட்டில் என்ன நடக்கிறது

ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் எம்.ஐ.சி. பூஞ்சை வளராமல் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த செறிவு என்று பொருள். அதை அளக்கும் முறையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியும் சுண்டுவிரல் நுனியைவிடச் சிறியது, கொள்வது 200 மைக்ரோலிட்டர். முதல் குழியில் சேர்மம் அதிகச் செறிவில் இருக்கும். அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் அதிலும் பாதி, இப்படியே குறைந்துகொண்டு போகும். எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு பூஞ்சை, மில்லிலிட்டருக்கு 500 முதல் 2,500 செல்கள். 35 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால், சில குழிகள் கலங்கியிருக்கும், அங்கே பூஞ்சை வளர்ந்திருக்கிறது. சில தெளிவாக இருக்கும். தெளிவாக இருக்கும் குழிகளில் கடைசியானது எதுவோ, அதன் செறிவே எம்.ஐ.சி. அந்தத் தெளிந்த நீரை எடுத்து மருந்தில்லாத ஊட்டத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் பூஞ்சை செத்ததா, வெறுமனே தூங்கியதா என்று தெரியும். பல கட்டுரைகள் இந்த இரண்டாம் படியைச் செய்வதே இல்லை, ஆனாலும் "கொல்கிறது" என்று எழுதிவிடுகின்றன.

நறுமண எண்ணெய்களை இந்தத் தட்டில் சோதிக்கும்போது தவறு நேரும் இடங்கள் பல. எண்ணெய் நீரில் கலக்காது என்பதால் டைமெத்தில் சல்பாக்சைடு, ட்வீன் 80 போன்ற கரைப்பானைச் சேர்ப்பார்கள். அந்தக் கரைப்பான் மட்டும் போட்ட குழி ஒன்று தனியாக இல்லையென்றால், பூஞ்சையை அடக்கியது எண்ணெயா கரைப்பானா என்று சொல்ல வழியில்லை. எண்ணெய் ஆவியாகிப் பக்கத்துக் குழிக்குப் பரவினால், அங்கேயும் பூஞ்சை வளராமல் போய், எம்.ஐ.சி. உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். தட்டை இறுக்கமாக மூடாத ஆய்வில் இது சகஜம்.

எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். புளூகோனசோல் எடுபடும் கேண்டிடா அல்பிகன்ஸுக்கு எம்.ஐ.சி. மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் கீழே. யூஜெனாலுக்குச் சில நூறு மைக்ரோகிராமும் அதற்கு மேலும் தேவைப்படுகிறது. டீ ட்ரீ எண்ணெய்க்கு 0.25 முதல் 0.5 சதவீதம் வரை, அதாவது மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 2 முதல் 4.5 மில்லிகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம்! உள்ளுக்கு விழுங்கி ரத்தத்தில் இந்த அளவை எட்டவே முடியாது. ஆகவே இவற்றை வாயில் நேரடியாகப் படும் மருந்தாக மட்டுமே யோசிக்கலாம்.

ஒரு சொட்டு, ஒரு கொப்பளிப்பு

15 மில்லிலிட்டர் நீரில் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டுக் கொப்பளிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லிலிட்டர். அதில் 80 சதவீதம் யூஜெனால் என்றால் 42 மில்லிகிராம். 15 மில்லிலிட்டரில் பிரித்தால் மில்லிலிட்டருக்கு 2.8 மில்லிகிராம். எம்.ஐ.சி. 500 மைக்ரோகிராம் என்று வைத்தால் அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். தாளில் பார்த்தால் பூஞ்சை தப்பவே வழியில்லை.

டம்ளரைப் பாருங்கள். யூஜெனால் தண்ணீரில் கரையும் எல்லை மில்லிலிட்டருக்குச் சுமார் 2.4 மில்லிகிராம்தான். அதுவும் மெதுவாகவே கரையும். தண்ணீரைவிடக் கனமானது என்பதால் எண்ணெய் சிறு மணிகளாக அடியில் போய் உட்காரும். (டீ ட்ரீ எண்ணெய் இதற்கு நேர்மாறு, மேலே மிதக்கும்.) குலுக்கினால் சற்று நேரம் கலங்கி மறுபடி பிரியும். அப்படியே வாயில் ஊற்றினால் பெரும்பகுதி வெறும் தண்ணீர், ஏதோ ஓரிடத்தில் மட்டும் கலப்படமில்லாத எண்ணெய் சதைமேல் ஒட்டிச் சுடும். பூஞ்சை இருக்கும் இடத்துக்கு மருந்து போகவில்லை, புண் இல்லாத இடத்தில் புது எரிச்சல்.

சரியாகக் கரைத்துவிட்டதாகவே வைப்போம். ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்பிய பின் வாயில் தங்குவது ஒரு மில்லிலிட்டர் அளவு. உமிழ்நீர் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 0.3 மில்லிலிட்டர் ஊறுகிறது, மருந்தின் காரத்தில் இன்னும் அதிகமாக ஊறும். தோராயக் கணக்கில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை செறிவு பாதியாகும், பத்து நிமிடத்துக்குள் எம்.ஐ.சி.க்குக் கீழே போய்விடும். தட்டில் 24 மணி நேரம், வாயில் பத்து நிமிடம். இதனால்தான் ஜெல், மெதுவாகக் கரையும் மாத்திரை, சதையில் ஒட்டும் படலம் என்று மருந்தை வாயில் பிடித்து நிறுத்தும் வடிவங்களில் ஆராய்ச்சி போகிறது. எங்கள் கருத்தில், புதுச் செடியைத் தேடுவதைவிட இந்த வடிவ ஆராய்ச்சிதான் இப்போது அதிகம் தேவைப்படுவது.

கடைகளில் கிடைக்கும் நறுமண எண்ணெய் மவுத்வாஷ் ஒரு வகையில் தைமால் 0.064 சதவீதம் இருக்கிறது, மில்லிலிட்டருக்கு 640 மைக்ரோகிராம். எண்ணெய்கள் கரைந்து நிற்பதற்காகவே அதில் ஆல்கஹால் சேர்க்கிறார்கள். அது பல் காறைக்கும் ஈறு அழற்சிக்கும் உரியது, பூஞ்சை மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புண்ணான வாயில் ஆல்கஹால் எரியும்.

ஒட்டுப்படலம்

தட்டில் மிதந்துகொண்டிருக்கும் செல்லுக்கும் பல்செட்டில் ஒட்டியிருக்கும் செல்லுக்கும் பெருத்த வேறுபாடு உண்டு. அக்ரிலிக் பரப்பில் உள்ள நுண்துளைகளில் கேண்டிடா ஒட்டி, இழை விட்டு, மேலே பசை போன்ற போர்வையைப் போர்த்திக்கொள்ளும். இந்த ஒட்டுப்படலத்துக்குள் புளூகோனசோல் ஏறக்குறைய வேலை செய்யாது. தைமால், கார்வக்ரால், ஜெரானியால் போன்ற சிறிய மூலக்கூறுகள் இங்கும் ஓரளவு ஆற்றலைக் காட்டுகின்றன. தாவரச் சேர்மங்களிடம் உண்மையான நம்பிக்கை தரும் இடம் இதுதான்: வாய்க்குள் அல்ல, வெளியே கழற்றி வைத்த பல்செட்டை ஊறவைக்கும் கரைசலில். அங்கே நேரம் பற்றாக்குறை இல்லை, சதை சுடும் கவலையும் குறைவு.

மனிதர்களிடம் சோதித்தபோது

1998-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், எய்ட்ஸ் நோயாளிகளில் புளூகோனசோலுக்கு அடங்காத வாய்ப் பூஞ்சை உள்ள 13 பேருக்கு டீ ட்ரீ எண்ணெய்க் கரைசல் கொடுக்கப்பட்டது. 15 மில்லிலிட்டர், தினம் நான்கு முறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். நான்கு வார முடிவில் மதிப்பிட முடிந்த 12 பேரில் 8 பேருக்குப் பலன் தெரிந்தது. அந்த எட்டில் முழுக்கக் குணமானவர்கள் 2 பேர், தேறியவர்கள் 6 பேர். புளூகோனசோலுக்குக் கேட்காத நோயாளிகளிடம் இந்த அளவு கிடைத்தது சாதாரணமல்ல. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை, ஆட்களும் மிகக் குறைவு. அந்தக் கரைசல் ஆய்வுக்காகத் தயாரிக்கப்பட்டது, புட்டியிலிருந்து நேராக ஊற்றிய எண்ணெய் அல்ல.

இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது எதை அளந்தார்கள் என்று கவனியுங்கள். சிவப்பு குறைவது ஒன்று, பூஞ்சை எண்ணிக்கை குறைவது மற்றொன்று. யூஜெனால் போன்றவை வலியை மரத்துப்போக வைக்கும், அழற்சியைத் தணிக்கும். வாய் தேறிவிட்டது போலத் தோன்றும்போதே பல்செட்டில் பூஞ்சை அப்படியே இருக்கலாம், இரண்டு வாரத்தில் திரும்பி வரும்.

இன்னொரு வழி, பழைய மருந்தோடு தாவரச் சேர்மத்தைச் சேர்ப்பது. புளூகோனசோலுக்கு அடங்காத கேண்டிடாவிடம் பெர்பெரினையும் புளூகோனசோலையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் தனித்தனியே செய்யாததைச் சோதனைத் தட்டில் செய்கின்றன. இதை அளக்க ஒரு குறியீடு உண்டு. 0.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் கூட்டு வலிமை, 4-க்கு மேலே போனால் ஒன்றையொன்று கெடுக்கிறது, நடுவில் இருந்தால் குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. 0.8 வந்த கூட்டைப் பெரிதாக எழுதும் கட்டுரையை நம்ப வேண்டாம்.

எதில் கை வைக்கக்கூடாது

கலப்படமில்லாத நறுமண எண்ணெயை வாய்ப்புண்ணில் தடவாதீர்கள். கிராம்பு எண்ணெயைக் குழந்தைகள் சிறிதளவு விழுங்கியே கல்லீரல் கெட்டிருக்கிறது. டீ ட்ரீ எண்ணெய் விழுங்கினால் மயக்கமும் தடுமாற்றமும் வரும். சின்னமால்டிஹைடு சிலருக்கு ஒவ்வாமையால் வாயைச் சிவக்க வைக்கும், அது பூஞ்சைத் தொற்று போலவே தெரிவதால் மேலும் மேலும் பூசிக் கெடுத்துக்கொள்வார்கள். நசுக்கிய பூண்டைக் கன்னத்தில் அடக்கி வைத்தால் சதை வெந்துவிடும். கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளை படிந்தால் இவற்றில் எதையும் போடக்கூடாது, ஒரு வயதுக்குக் கீழே தேனும் கூடாது.

முதலில் செய்ய வேண்டியவை

காரணத்தைத் தொடாமல் பூஞ்சையை மட்டும் அடித்தால் அது திரும்பும். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் குழாய்) வைத்து இழுத்தால் வாயில் படியும் மருந்து குறையும். பல்செட்டை இரவில் கழற்றி, துலக்கி, ஊறவைக்க வேண்டும். சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும்.

லேசான தொற்றுக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது நிஸ்டாடின் திரவம்: பெரியவர்களுக்கு மில்லிலிட்டருக்கு 1,00,000 யூனிட் கொண்டது, 4 முதல் 6 மில்லிலிட்டர், தினம் நான்கு முறை, 7 முதல் 14 நாள். வாயில் எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியுமோ அவ்வளவு நேரம் வைத்துச் சுழற்ற வேண்டும், உடனே விழுங்கினால் பாதிப் பலன் போய்விடும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் கூடவே கொடுத்திருந்தால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் கூடிக் கரையாத கூட்டுப்பொருளாகி ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும், நடுவில் அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மைக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஜெல்லை மருத்துவரைக் கேட்காமல் வாயில் போடக்கூடாது, வாயில் தடவுவதே ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும்.

தாவரச் சேர்மம் சேர்ந்த கொப்பளிப்பையோ ஜெல்லையோ இதோடு சேர்த்துப் பயன்படுத்த விரும்பினால், சேர்மத்தின் பெயரும் சதவீதமும் அச்சிட்டதாக, வாய்க்கென்றே தயாரித்ததாகப் பார்த்து வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள். எரிச்சல் வந்தால் அன்றே நிறுத்துங்கள். விழுங்கும்போது வலி, நெஞ்சுக்கு நடுவே எரிச்சல், காய்ச்சல், இரண்டு வாரம் தாண்டியும் தீராத படலம் இவற்றில் ஏதாவது இருந்தால் பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம் அல்லது உள்ளே வேறு நோய் இருக்கலாம். அப்போது கொப்பளிக்கும் மருந்து எதுவும் போதாது. காரணத்தைக் கண்டுபிடிக்கப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மாத்திரையாக விழுங்கும் மருந்தும் வேண்டியிருக்கும்.